வேலைக்குப் போன ஊர்

அம்மு, நந்தா, சாப்பிட உட்கார்ந்தால் போதும், எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்துவிடுகிறீர்கள். அது வெளிநாடு என்கிறாள் அம்மு. இல்லவே இல்லை, அது வேறு கிரகம் என்கிறான் நந்தா. உங்கள் அம்மா, "உங்கப்பனையே கேளுங்க, அவர்தான அத்த தூக்கினு வந்தாரு" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றப் போய்விடுகிறாள். நானும் அப்புறம் சொல்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றே நாளைக் கடத்திவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நந்தா நாற்காலி மேல் ஏறி, படத்துக்குக் கிட்டே மூக்கை வைத்துத் தேடிவிட்டு, "இதுல நம்ம ஊடு எதுப்பா?" என்று கேட்டான். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் அம்மு திருத்திக்கொள்.

அது வெளிநாடு இல்லை. வேறு கிரகமும் இல்லை. அது நம் காக்களூர்தான். இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அதை வரைந்தவர் காக்களூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்குப் பக்கத்து ஷெட்டில் கொஞ்ச காலம் இருந்தார். எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். மின்சார பேனல்களுக்கு வருகிற இரும்புக் கதவுகளைக் கழுவி, நகர்கிற லைனில் கொக்கியில் மாட்டி, பெயின்ட் பவுடர் அடித்து, அடுப்புக்குள் அனுப்பி வேகவைப்பது. அந்தச் சத்தத்துக்கும் சூட்டுக்கும் நடுவே படம் வரைகிற ஒருவர் வந்து குடியேறினால் எப்படி இருக்கும்? நாங்கள் அவரைப் படக்கார மேடம் என்று சொல்லிக்கொண்டோம். பழவேற்காட்டுக்காரர். வியாபாரக் குடும்பம். சென்னையில் ஓவியம் படித்தவர். வேலை செய்யும்போது துப்பட்டாவைத் தலையில் முண்டாசு மாதிரி சுற்றிக்கொள்வார். காதில் எப்போதும் ஒரு ஊசி செருகியிருக்கும். இரும்பில் கோடு கீறுகிற ஊசி, ஃபிட்டர்கள் வைத்திருப்பது.

"இந்த எஸ்டேட்டுலயா மேடம் படம் வரைவாங்க? அமைதியா எங்கனா எடம் பாக்கறதுதானே?" என்று முதல் நாளே கேட்டேன்.

"சத்தமே இல்லாத எடத்துல ஊரை எப்பிடிண்ணே வரையறது?" என்றார்.

அவர் ஊர்களைத்தான் வரைவார். வேறு எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை. இப்போது இருக்கிற ஊர் இல்லை, இனிமேல் வரப்போகிற ஊர். அதை வரைவதைக்கூட ஆச்சரியமாகச் சொல்ல மாட்டேன். அதைப் பற்றி அவர் பேசுவதுதான் ஆச்சரியம். முந்தின நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாதிரி பேசுவார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, "நேத்து அங்க நல்ல மழைண்ணே. ஆனா யார் காலும் நனையல" என்றார்.

"எங்க மேடம், திருத்தணியிலயா?"

"இல்ல, இங்கதான். கொஞ்சம் தள்ளி."

"எவ்ளோ தள்ளி?"

"ஒரு நாப்பது அம்பது வருசம் தள்ளி" என்று சொல்லி, கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என்னோடு லைனில் வேலை செய்த தாவீது அண்ணன் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, மேடத்துக்கு ஒரு ஊர் கீது. அதுக்குப் போவத்தான் பஸ்ஸு இல்ல போலகீது" என்றார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் மறுநாள் டீ நேரத்தில் தாவீதண்ணனே, "மேடம், இன்னிக்கி இன்னா சேதி அங்க?" என்று கேட்டார். அப்படியே அது பழக்கமாகிவிட்டது. இன்றைக்கு அங்கே மீன் மலிவு, இன்றைக்கு அங்கே ஒரு தெருவுக்குப் பெயர் வைப்பதில் தகராறு, இன்றைக்கு அங்கே வெயிலே உறைக்கவில்லை, வீடுகளின் மேல் எல்லாம் கொடி ஏறிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல, அடுப்புப் பக்கம் நின்று வியர்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே முதுகில் லேசாகக் காற்று பட்ட மாதிரி இருக்கும்.

இன்னொன்று. கேட்டிலிருந்து அவர் ஷெட்டுக்கு நேராகப் போகலாம். நடுவில் வெறும் சிமென்ட் தரைதான். அவர் மட்டும் பாதி வழியில் கொஞ்சம் வளைந்து சுற்றிப் போவார். ஒரு நாள் கேட்டேன்.

"அங்க ஒரு மரம் வரும்ணே" என்றார்.

"வரும்னா?"

"பெரிய மரம். நேரா போனா இடிச்சிக்குவோம்."

கொஞ்ச நாளில் என்ன ஆயிற்று தெரியுமா? லோடு இறக்குகிறவர்கள், வாட்ச்மேன், நான், எல்லோரும் அந்த இடத்தில் வளைந்துதான் போனோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால் தானாகத் திரும்பியது.

படம் வரைய அவர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது கழிவு ஷீட்கள். வளைக்கும்போது கீறல் விழுந்த கதவுகளுக்கும், துரு அரித்த கதவுகளுக்கும் பவுடர் அடிக்க மாட்டோம். முதுகில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரம் வைப்போம். பெருக்கல் போட்டால் லைனுக்குப் போகாது, எடைக்குப் போகும். குறி இல்லாவிட்டால் கழுவுகிற தொட்டிக்குப் போகும். எங்கள் கம்பெனியில் இதை எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பெருக்கல் போட்டதில் அவர் தேடித் தேடி எடுப்பார். நல்ல கீறலாக இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தக் கீறல் அவர் ஊரில் ஆறாகிவிடும். கதவில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்கு வைப்பதற்காக வரிசையாக மூன்று வட்ட ஓட்டை போட்டிருப்பார்கள். அவை மூன்று குளமாகிவிடும். சுற்றிப் படிக்கட்டு, படிக்கட்டில் ஆட்கள். முதலில் எல்லாவற்றையும் ஊசியால் கீறி முடிப்பார். வண்ணம் கடைசியில்தான்.

"நாங்க வேணாம்னு தள்றதுல இவங்களுக்கு ஆறு கெடைக்குது, கொளம் கெடைக்குது" என்பார் தாவீதண்ணன்.

யாரைப் பார்த்தாலும் மேடம் ஒரு கேள்வி கேட்பார். "அங்க உங்களுக்கு இன்னா வேணும்?" அவ்வளவுதான். பதில் சொன்னால், அடுத்த ஷீட்டில் அது இருக்கும்.

காலையில் எஸ்டேட்டுக்கு நாஷ்டா கொண்டுவருகிற சரோஜா அக்காவைக் கேட்டார். "எனக்கு இன்னா வேணும், குந்தறதுக்கு ஒரு எடம் வேணும். கம்பெனி கம்பெனியா இட்லி குண்டாவ தூக்கினு நிக்கறேன், எவனாவது குந்துன்னு சொல்றானா?" என்றார் அவர். அடுத்த ஷீட்டில் ஊர் முழுக்கத் திண்டும் பெஞ்சும். ஒரு பெஞ்சில் ஒரு பெண் காலை மடக்கிச் சவுகரியமாக உட்கார்ந்திருந்தாள். சரோஜா அக்கா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "யம்மாடி, நான் இவ்ளோ குண்டாவா கீறேன்?" என்றார்.

"அங்க போனப்புறம் கொஞ்சம் சதை போட்டுட்டீங்கக்கா. குந்தினே இருக்கீங்க இல்ல?"

ஓனரையும் விடவில்லை. ஓனர் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "வண்டி நிறுத்த நிழல் வேணும்மா, வேற இன்னா" என்றார். படத்தில் ஒரு புங்க மரம் வந்தது. நிழலும் இருந்தது. நிழலில் ஓனர் நின்றிருந்தார். வண்டி இல்லை.

"வண்டி எங்கம்மா?"

"வித்துட்டீங்க சார். அங்க தேவைப்படல."

ஓனருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் படத்தை செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

மேடத்துக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே தடவை. சென்னையிலிருந்து படம் பார்க்க வந்த ஒருவர், "உங்க கற்பனை பிரமாதம்" என்றார். இவர் முகம் வாடிவிட்டது. அவர் போனபிறகு என்னிடம், "கற்பனைன்னா இல்லாததுண்ணே. இது இல்லாதது இல்ல. இன்னும் வராதது. ரெண்டும் ஒண்ணா?" என்றார். உங்கள் அம்மா அப்போது அம்முவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். ரெண்டும் ஒண்ணு இல்லைதான் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் பட்டது.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே பல நாள் யோசித்தேன். காக்களூர் போகும்போதும் யோசிப்பேன், வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி இருட்டில் நடந்து வரும்போதும் யோசிப்பேன். கடைசியில் போய்ச் சொன்னேன். "வெளிச்சம் இருக்கும்போதே ஊட்டுக்குப் போவணும் மேடம். அதான்."

அவர் தலையாட்டினார். "ஊட்ல எத்தினி பேரு?"

"நானும் அதுவும். இன்னொண்ணு வந்துகினு கீது."

அவர் காதிலிருந்து ஊசியை எடுத்தார்.

தாவீதண்ணன் மட்டும் பதில் சொல்லவே இல்லை. அவர் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தின் மேல்தான் எங்கள் எஸ்டேட் இருக்கிறது. அதை அவர் பெருமையாகவும் சொல்ல மாட்டார், வருத்தமாகவும் சொல்ல மாட்டார். ஒரு நாள் மேடம் விடாமல் கேட்கவும், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு சொன்னார்.

"எங்கப்பா இந்த எடத்துல சேத்துல நின்னாரு. நான் இதே எடத்துல பவுடர்ல நிக்கறேன். என் புள்ள உங்க ஊர்ல எதுல நிப்பான்? அத்த சொல்லும்மா மொதல்ல. எனக்கு ஒண்ணும் வேணாம்."

மேடம் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் பல நாள் டீக்கே வரவில்லை. அவர் ஷெட்டுக்குள் ஊசி கீறுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குச் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அழைப்பு வந்திருந்தது. அதில் வைக்கிற ஓவியங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வரைந்தவரும் கூடவே போய் அங்கே ஒரு வருஷம் இருந்து வேலை செய்யலாம். அதற்காக அவர் ஐந்து ஷீட் சேர்த்து ஒரே ஊராகச் செய்துகொண்டிருந்தார். "இதுக்குதாண்ணே இத்தினி வருசம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் அப்படி ஆசையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஓரத்து நான்கு ஷீட்டுக்கும் வண்ணம் அடித்தாகிவிட்டது. நடு ஷீட்தான் மிச்சம். தாவீதண்ணன் கேட்ட கேள்விக்குப் பிறகு, நடு ஷீட்டில் போட்டிருந்ததை விட்டுவிட்டு, புது ஷீட் எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று அதுதான் வேலை.

முடிந்த அன்று எங்களைக் கூப்பிட்டார். இன்னும் வண்ணம் இல்லை, வெறும் இரும்பில் கீறிய கோடுகள்தான். ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் ஊர் எழுந்து நின்றது. அவ்வளவு வீடு, அவ்வளவு பாலம், மாடியிலிருந்து மாடிக்கு ஓடுகிற கொடி. நடுவே மூன்று குளம். மூன்றாவது குளத்தின் படியில் ஒரு இளைஞன் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான்.

"அது உங்க புள்ள" என்றார் மேடம்.

தாவீதண்ணன் குனிந்து பார்த்தார். "இன்னா பண்றான்?"

"ஒண்ணும் பண்ணல. இன்னிக்கி அவன் லீவு."

தாவீதண்ணன் நிமிர்ந்தபோது, "எங்க வம்சத்துலயே எவனும் லீவு போட்டதில்லம்மா. இவன்தான் மொத ஆளு" என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பவுடர் பட்டுவிட்டது என்றார். அன்றைக்கு லைனே ஓடவில்லை.

அப்புறம் மேடம் எனக்கு மேல் மூலையைக் காட்டினார். அங்கே கொக்கி மாட்டுவதற்கான சின்ன ஓட்டை இருக்கும். அதைச் சுற்றி ஒரு வீடு கீறியிருந்தார். ஓட்டைதான் வாசல். பொழுது சாய்கிற நேரத்து நீளமான நிழல்கள். "கொக்கி படற எடத்துல பவுடர் ஏறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இரும்பு இரும்பாவே இருக்கற எடம். அதான் உங்களுக்கு வெச்சேன்" என்றார். வாசலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் செருப்புகள். எண்ணினேன். நான்கு ஜோடி.

"மூணு பேர்தான மேடம்?"

"நான் பாத்தப்போ நாலு இருந்துச்சுண்ணே."

நந்தா, உன் செருப்பு நீ பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே இருந்தது.

மேடத்தின் ஷெட் கூரை ஒழுகியதால் அந்த ஷீட்டை எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து வைத்தார். கோடு மழுங்கக் கூடாதென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முதுகில் பெருக்கல் குறி தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தார். அது போதும், பெருக்கல் இருந்தால் யாரும் தொட மாட்டோம்.

ஆனால் மறுநாள் ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிற நாள். உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு எஸ்டேட் முழுக்கத் தண்ணீர் ஓடும். ஷீட், கொக்கி, தள்ளுவண்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, தரையைக் கழுவி, திரும்ப உள்ளே அடுக்குவோம். மேடமும் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து துடைத்தார். பாட்டு, தண்ணீரை வாரி இறைப்பது, ஒரே கும்மாளம். அன்றைக்கு எங்கள் ஷெட்டில் கையில் துணி இல்லாதவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெருக்கல் குறியைத் துடைத்தது யார் கை என்று இன்றுவரை தெரியாது. மேடத்தின் கையாகக்கூட இருக்கலாம். சாயங்காலம் அவர் அம்மாவைப் பார்க்கப் பழவேற்காட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

பூஜை முடிந்து மறுபடி லைன் ஓட்டும்போது முதல் ஷீட்டைத் தாவீதண்ணன்தான் மாட்டுவார். அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்தான், ஆனாலும் அவர் கைராசி என்று ஓனருக்கு ஒரு நம்பிக்கை. முன்னால் சாய்ந்திருந்த ஷீட்டை முதுகுப் பக்கமாகப் பிடித்துத் தூக்கி, தொட்டியில் இறக்கினார். மருந்துத் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது எல்லா இரும்பும் ஒரே மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். கோடு தெரியாது. கொக்கியில் மாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டைக் காட்டி, வெளிர் சாம்பல் பவுடர் அடித்து அடுப்புக்குள் அனுப்பினார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

மேடம் திரும்பி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது.

"அண்ணே, என் நடு ஷீட் எங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். தாவீதண்ணன் சுவரைப் பார்த்தார். சுவரோரம் போய் நின்று சொன்னார்.

"முன்னால இருந்தது... பெருக்கலே இல்லியேம்மா அதுல. பூஜைக்கப்புறம் மொத மொதல்ல மாட்டினேனே..."

அது எங்கே போயிற்று என்று எங்களுக்குத் தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஒரு பேனல் ரூமுக்கு. போன் அடித்தால் திருப்பி வாங்கலாம். பவுடரைக் கரைத்து எடுத்தால் கோடு அடியில் அப்படியேதான் இருக்கும். ஆனால் போன் அடிக்க வேண்டியவர் ஓனர். அவர் கேட்கிற முதல் கேள்வி, மாட்டினது யார் என்பதுதான். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் இரண்டு வகைச் சாம்பல் பவுடர் மாறிப்போய் ஒரு லோடு திரும்பி வந்திருந்தது. இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று தாவீதண்ணனிடம், அவரை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

தாவீதண்ணன் கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "நானே போய் ஓனராண்ட சொல்றேன்" என்று நடந்தார். அந்த அவசரத்திலும் அந்த மரத்தைச் சுற்றி வளைந்துதான் போனார்.

மேடம் பின்னாலேயே ஓடினார். நானும் ஓடினேன். ஓனர் ரூம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா, கும்பலா வர்றீங்க? இன்னா பேஜாரு?"

தாவீதண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் மேடம் முன்னால் வந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். நான் ஊருக்குப் போயிட்டேனா, எனக்குப் பூஜைப் பொரி வரல. அதான் கேக்க வந்தோம்."

"அட, இவ்ளோதானா!" ஓனர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு பொட்டலம் எடுத்துவந்து கொடுத்தார்.

மேடம் எங்கள் ஷெட் வாசலில் உட்கார்ந்து அந்தப் பொரி முழுவதையும் தின்றார். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. தாவீதண்ணன் எதிரே நின்றுகொண்டே இருந்தார். நான் கிட்டே போய், "நல்ல ஷீட்டா எடுத்துத் தர்றேன் மேடம். திரும்ப வரைஞ்சுடுங்க. இன்னும் நாள் கீது இல்ல?" என்றேன்.

"இருக்கற ஊரை இன்னொரு வாட்டி எப்பிடிண்ணே கட்டறது?" என்றார்.

பிறகு பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, தாவீதண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "ஏண்ணே அப்பிடி நிக்கறீங்க? அது தொலைஞ்சா போச்சு? வேலைக்குப் போயிருக்கு. உங்க புள்ள லீவுல இருக்கான். ஊரு வேலைக்குப் போயிருக்கு."

தாவீதண்ணன் அங்கேயே தரையில் குந்திவிட்டார்.

கண்காட்சிக்கு நானும் தாவீதண்ணனும் ரயில் ஏறிப் போனோம். ஏசி ரூம், வெள்ளைச் சுவர், செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்றே தெரியவில்லை. இந்தப் பக்கம் இரண்டு ஷீட், அந்தப் பக்கம் இரண்டு ஷீட். நடுவில் ஒரு ஷீட் அகலத்துக்கு வெறும் சுவர். இரண்டு பக்கத்துப் பாலங்களும் அந்த வெறும் சுவர் வரைக்கும் வந்து நின்றன. அதற்குக் கீழே சின்ன அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்: வேலைக்குப் போயிருக்கிறது.

வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மா, "எப்போ வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "தெரியல மேடம், ஷிப்ட் எப்ப முடியுதோ" என்று தாவீதண்ணன் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து எங்கள் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நடு இல்லாத ஊரை யார் எடுத்துப் போவார்கள்? வேறு ஒருவருடைய படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை மேடம் எங்களிடம் சொன்ன விதம், "அங்க வேற ஊர் போவுதுண்ணே" என்பதுதான். அதற்குப் பிறகும் டீக்கு வந்தார், சேதி சொன்னார். ஆனால் சேதி சொல்லும்போது நடுவில் எங்கேயாவது நின்றுவிடுவார். அடுத்த கோடையில் ஷெட்டைக் காலி செய்துகொண்டு போனார். வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்றார். போகும்போது எனக்குக் கொடுத்ததுதான் நம் சுவரில் இருக்கிற காகிதப் படம். அதில் நம் வீடு கிடையாது நந்தா, எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நம் வீடு வேறு இடத்தில் இருக்கிறது. எங்கே என்று எனக்கும் போன மாதம்தான் தெரிந்தது.

கடல் காற்றில் பழைய பேனல்களில் துரு ஏறுகிறது, ஆளை அனுப்புங்கள் என்று காட்டுப்பள்ளியிலிருந்து கேட்டிருந்தார்கள். ஓனர் என்னை அனுப்பினார். கையில் ஒரு சின்ன டப்பா சாம்பல் பெயின்ட், பிரஷ், உப்புத்தாள். அங்கே இருந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "துரு இருக்கற எடத்துலலாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேண்ணா. பூசிக்கினே இருங்க, நான் சாப்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வரிசையாகச் சாம்பல் கதவுகள். ஒவ்வொரு வட்டமாகத் தேய்த்துப் பூசிக்கொண்டே வந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கதவில் மேல் மூலையில் ஒரு வட்டம் போட்டிருந்தான். கொக்கி ஓட்டை. அதைச் சுற்றித் துரு. பிரஷைத் தோய்த்துக்கொண்டு கிட்டே போனேன். திறந்திருந்த வாசல் வழியாக வெயில் சாய்வாக வந்து கதவின் மேல் விழுந்தது.

ஊர் எழுந்து நின்றது.

பவுடருக்கு அடியில் எல்லாம் அப்படியே இருந்தது, போர்வைக்கு அடியில் நீங்கள் தூங்குகிற மாதிரி. வீடுகள், பாலங்கள், ஆறாகிப்போன கீறல். நடுவில் மூன்று குளமும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். நீலக் குளத்தின் படியில் தாவீதண்ணன் மகன் இன்னும் காலை விட்டுத்தான் உட்கார்ந்திருந்தான். உள்ளே மின்சாரம் உறுமிக்கொண்டிருந்தது. அவன் லீவில் இருந்தான்.

நம் வாசலில் செருப்புகளைத் தேடினேன். அவ்வளவு மெல்லிய கோடு, பவுடரில் நிறைந்துபோயிருக்கும். கண்ணுக்கு அகப்படவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். விரலுக்கும் அகப்படவில்லை.

பிரஷில் இருந்த பெயின்டை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு மூடினேன். உப்புத்தாளைச் சின்னதாக மடித்து, ஓட்டையைச் சுற்றி இருந்த துருவை மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். உள்ளே இரும்பு பளிச்சென்று வந்தது. இரும்பைச் சும்மா விட்டால் அந்தக் காற்றில் மறுபடி அரித்துவிடும். பெயின்ட் பூசினால் வாசல் மூடிப்போகும். காலையில் உங்கள் அம்மா சொன்னதற்காகத் தலையில் நிறையத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தேன். தலையில் விரலை விட்டு எண்ணெயைத் தொட்டு, நம் வாசலைச் சுற்றிப் பூசினேன். பிறகு சட்டை நுனியால் அந்தச் சாக்பீஸ் வட்டத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த கதவுக்குப் போனேன்.